ரோஜர் ஃபென்டனின் கிரைமியப் படங்கள்: அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பு

1855-இல் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஃபென்டன், ரஷ்யாவை எதிர்த்துப் பிரிட்டனும் பிரான்சும் போரிட்ட கிரைமியப் போர்க்களத்தில் எடுத்த படங்களின் 263 பிரதிகள் இங்கே உள்ளன. பார்க்கவும் இறக்கவும் கட்டணம் இல்லை. ஜேபெக் படத்தோடு நிற்காதீர்கள். கோப்பு பெரிதென்றாலும் சுருக்கப்படாத டிஃப் (TIFF) வடிவத்தையே எடுங்கள், நுணுக்கம் அதில்தான் இருக்கிறது.

முதலில் இருட்டறை வண்டியின் படம். முன்னிருக்கையில் உதவியாளர் மார்கஸ் ஸ்பார்லிங். ஒயின் வியாபாரியின் பழைய வண்டி அது. அதற்குள்தான் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயுமுன் படமெடுத்து உடனே கழுவ வேண்டும். வெயில் ஏறினால் ஊற்றும்போதே கொலோடியன் காய்ந்து தகடு வீணாகும். ஒளிபட வைக்கப் பல வினாடிகள் பிடிக்கும். சண்டைக் காட்சி ஒன்றுகூட இல்லாததற்கு அது முக்கியக் காரணம்.

வானம் வெறும் வெள்ளையாகத் தெரிவது ஸ்கேன் கோளாறு அல்ல. கொலோடியன் நீல ஒளிக்கே அதிகம் இசையும், அதனால் நீல வானம் வெளுத்து, சிவப்புச் சீருடை கறுத்துவிடும். இந்த விளக்கத்தைப் படத்தின் அருகிலேயே தந்திருக்கலாம், பெரிய குறை.

பீரங்கிக் குண்டுகள் சிதறிய பள்ளத்தாக்குப் படத்துக்குச் சாலை வெறுமையாக உள்ள இன்னொரு வடிவமும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தேடலில் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால் வேலை சுலபம்.