லே குளிரில் சோலார் பேட்டரி: டியூபுலரா, லித்தியமா?

லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் மைனஸ் 15 டிகிரி சாதாரணம். பகலிலும் 0-வை ஒட்டியேதான். வெயிலுக்குக் குறைவில்லை, குளிரில் பேனலும் நன்றாகவே கரண்ட் தரும். அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் பேட்டரி இருக்கிறதா என்பதுதான் சிக்கல்.

சோலாருக்கு வழக்கமாக வரும் லித்தியம் பேட்டரியான லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மைனஸ் 20 வரை கரண்ட் கொடுக்கும். ஆனால் 0-க்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. குளிரில் லித்தியம் அயனிகள் எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் மெதுவாகத்தான் நுழையும். வலுவில் தள்ளினால் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரி அன்றே சாகாது, அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொள்ளளவு மெல்லக் குறையும். படிவு ஊசிபோல் வளர்ந்து, இரு முனைகளையும் பிரிக்கும் செப்பரேட்டரைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட். வாங்கும்போது ஸ்பெக் ஷீட்டில் ‘ஆபரேட்டிங் டெம்பரேச்சர் மைனஸ் 20’ என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் டிஸ்சார்ஜுக்கான எண். குளிரில் சார்ஜை வெட்டும் வசதி பி.எம்.எஸ்.ஸில் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். இருந்தால் 0-வில் வெட்டி, 5 டிகிரி வாக்கில் திரும்பச் சேர்க்கும்.

டியூபுலர் லெட் ஆசிட், அதாவது இன்வெர்ட்டருக்கு வைக்கும் ஆசிட் பேட்டரி, உறைகுளிரிலும் சார்ஜ் ஏறும். ஆனால் சார்ஜ் வோல்டேஜைக் கூட்ட வேண்டும்: 25-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு டிகிரிக்கும், செல்லுக்கு 3 மில்லிவோல்ட். ஆறு செல் உள்ள 12 வோல்ட் பேட்டரிக்கு 25 டிகிரியில் 14.4 வோல்ட் என்றால் 0-வில் 14.85. டெம்பரேச்சர் சென்சார் இல்லாத சார்ஜ் கன்ட்ரோலர் இதைச் செய்யாது. பேட்டரி எப்போதும் அரைவயிறாகவே கிடந்து சல்பேட் கட்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.250 காட்டும் ஆசிட் மைனஸ் 50 வாக்கில்தான் உறையும், சார்ஜ் தீர்ந்து 1.100-க்கு இறங்கினால் மைனஸ் 7, 8-லேயே பனிக்கட்டி. உறைந்த பேட்டரிக்கு சார்ஜரை மாட்டவே மாட்டாதீர்கள்.

டைட்டனேட் லித்தியம் இந்தக் குளிரைத் தாங்கும். விலையைத்தான் நாம் தாங்க முடியாது.

முடிவு செய்வது பேட்டரி வைக்கும் இடம். டியூபுலர் ஹைட்ரஜன் விடும், அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு எரியும் இடத்துக்குள் வைக்க முடியாது. வெளிக்கொட்டகைதான் கதி என்றால் சென்சாரோடு டியூபுலர். வீட்டுக்குள் மூலை கிடைத்தால், அடுப்பை ஒட்டாமல், யோசிக்காமல் லித்தியம்.

கொட்டகையிலும் லித்தியம்தான் வேண்டும் என்றால் ஹீட்டர் பேட் தேவை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி 12 கிலோ வரும். மைனஸ் 15-லிருந்து 5-க்கு ஏற்ற ஏறத்தாழ 67 வாட்-அவர். 40 வாட் பேடுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். தெர்மாக்கோல் பெட்டி இல்லாவிட்டால் வெயில் நேரம் முழுக்க இதிலேயே போய்விடும். பேடுக்கு மின்சாரம் பேனலிலிருந்து வரட்டும். தெர்மோஸ்டாட்டின் சென்சாரை செல்லின் உடம்பில், பேடுக்கு எதிர்ப்பக்கம் ஒட்டுங்கள். பேடுக்குப் பக்கத்தில் ஒட்டினால் அதன் சூட்டையே அளந்துவிட்டு, நடுசெல் உறைந்திருக்கும்போதே சார்ஜைத் திறந்துவிடும்.

ஊட்டிக்கு இத்தனையும் வேண்டாம். அங்கே உறைபனி விடியற்காலையோடு சரி, பேனல் வேலை செய்யத் தொடங்குமுன் தணிந்துவிடும், பி.எம்.எஸ். வெட்டு ஒன்றே போதும்.