குப்பைக் கிடங்கு விரிவாக்கம்: இது பழைய கசிவா, புதுக் கசிவா?

பயன்பாட்டில் உள்ள ஒரு குப்பைக் கிடங்கை விரிவாக்கும் அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது நிலத்தடி நீர்மட்ட வரைபடத்தைத்தான். அதில் நீரோட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறிகள் எல்லாம் ஒரே திசையில் அணிவகுத்து நின்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அடியில் லைனர் (கசிவைத் தடுக்கும் விரிப்பு) இல்லாமல் பல ஆண்டு கொட்டிய மேட்டிலிருந்து இறங்கும் சாறு, அதாவது குப்பையில் ஊறிய அழுக்கு நீர், நீர்மட்டத்தை ஒரு திட்டு போல உயர்த்திவிடும். அங்கிருந்து தண்ணீர் நாலாபுறமும் வழியும். சுத்தமான நீர் வரும் பக்கம் என்று நம்பித் தோண்டிய வரத்துப் பக்கக் கண்காணிப்புக் கிணற்றிலும் அந்தச் சாறு போய்ச் சேரலாம்.

புது இடத்தில் கிடங்கு கட்டும்போது ‘கசிகிறதா?’ என்று கேட்டால் போதும். விரிவாக்கத்தில் ‘யாருடைய கசிவு?’ என்றும் கேட்க வேண்டும். பழைய பகுதி ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தால், நாளை புதுப் பகுதி ஒழுகும்போது அதைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியுமா? கீழே உள்ள மாற்று வழிகளை எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் உரசிப் பார்த்திருக்கிறேன்.

மேலே ஏற்றுவதா, பக்கத்தில் விரிப்பதா?

பழைய மேட்டின் மீதே ஏற்றினால் புது நிலம் வேண்டாம். ஆனால் மேலே ஏறும் பாரம் பழைய குப்பையில் தேங்கிய நீரைப் பிழிந்து கீழே தள்ளும். மேடும் ஒரே சீராக அமுங்காது, இடையில் போடும் லைனர் ஆங்காங்கே இழுபடும். கண்காணிப்புக்கு இது இன்னும் மோசம். இரண்டு கசிவும் ஒரே அடித்தளம் வழியாக இறங்கி நீர் வெளியேறும் பக்கத்தில், அதாவது போக்குப் பக்கத்தில், உள்ள அதே கிணறுகளுக்குத்தான் வரும். இடை லைனருக்கு மேலே சேரும் சாற்றைத் தனியாக வடித்து, தினமும் எத்தனை லிட்டர் என்று அளந்து வைத்தால் ஓரளவு துப்பு கிடைக்கும். அதைத் தவிர கிணறுகளை வைத்துப் பிரிக்க வழியில்லை.

பக்கவாட்டு விரிவாக்கத்தில் எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரத்துப் பக்கம் விரித்தால் புதுக் கசிவு பழைய மேட்டின் அடியில் நுழைந்து அதோடு கலந்துவிடும். போக்குப் பக்கம் விரித்தால் பழைய கசிவு படர்ந்த இடத்தின் மேலேயே புதுக் குழி உட்காரும். அதைவிடப் பெரிய இழப்பு, பல ஆண்டுப் பதிவு வைத்திருக்கும் பழைய கிணறுகள் குழிக்குள் போய்விடுவது. அவற்றை அடியிலிருந்து மேல்வரை பென்டோனைட் (நீர் பட்டால் உப்பும் களி) கலந்த சிமெண்ட் குழம்பால் அடைக்க வேண்டும். வாயில் மட்டும் மூடி போட்டுவிட்டால், குப்பைச் சாறு நேராக நீர்தாங்கிக்குள் (நிலத்தடி நீர் இருக்கும் அடுக்குக்குள்) இறங்க நாமே குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி. நீரோட்டத்துக்குக் குறுக்காக, பழைய மேட்டுக்குப் பக்கத்தில் அமைந்தால் இரண்டு கசிவும் தனித்தனித் தடத்தில் ஓட வாய்ப்பு உண்டு. நிலம் இடம் கொடுத்தால் என் ஓட்டு இதற்குத்தான், அந்தத் திட்டு இந்தப் பக்கம் வழியவில்லை என்று உறுதியான பிறகு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 ஆம் ஆண்டு குப்பைக் கிடங்கு நெறிமுறை, கண்காணிப்புப் புள்ளிகள் வரத்துப் பக்கம் ஒன்று, போக்குப் பக்கம் இரண்டு என்று குறைந்தபட்ச அளவு சொல்கிறது. மூன்று புள்ளி இருந்தால் ஒரு தளம் கிடைக்கும், நீரோட்டத் திசையும் கிடைக்கும். ஆனால் அடியில் திட்டு இருந்தால் நீர்மட்டம் தளமாகவே இருக்காது. மூன்று கிணற்றை வைத்து அங்கே வரையும் அம்பு வெறும் கோடுதான்.

வேகத்தை எப்படிக் கணிப்பது?

ஊடுருவுதிறனை (மண் அல்லது பாறை எவ்வளவு எளிதில் நீரை விடுகிறது என்பதை) கண்டுபிடிக்க ஸ்லக் டெஸ்ட், பம்பிங் டெஸ்ட் என்று இரண்டு வழி. முதலாவதில் கிணற்று நீர்மட்டத்தைச் சட்டென்று ஏற்றியோ இறக்கியோ விட்டு, அது பழைய நிலைக்கு வரும் நேரத்தைப் பார்க்கிறோம். சீக்கிரம் முடியும், அழுக்கு நீரை வெளியேற்றும் தொல்லையும் இல்லை. ஆனால் அது பேசுவது கிணற்றைச் சுற்றிய கொஞ்சம் மண்ணைப் பற்றித்தான். மணலும் களியும் அடுக்கடுக்காக இருக்கும் இடத்தில் பல கிணறுகளில் செய்தால் அது போதும் என்பேன். பிளவுப் பாறை என்றால் பம்பிங் டெஸ்டை விடக் கூடாது. பம்பு ஓடும்போது பக்கத்துக் கிணறுகளில் எது இறங்குகிறது, எது அசையாமல் நிற்கிறது என்பதிலிருந்துதான் பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும்.

இதில் அடிக்கடி நடக்கும் சறுக்கல் ஒன்று. மணலில் ஊடுருவுதிறன் நொடிக்கு 0.0001 மீட்டர், நீர்மட்டச் சாய்வு 0.005, நுண்துளை விகிதம் (நீர் ஓடும் இடைவெளியின் பங்கு) 0.25 என்று வைத்தால் நீர் ஆண்டுக்குச் சுமார் 63 மீட்டர் நகரும். பாறையில் ஊடுருவுதிறன் அதில் நூறில் ஒரு பங்குதான் என்று ஆறுதல்பட்டுக்கொள்வார்கள். ஆனால் பாறையில் நீர் ஓடுவது பிளவில் மட்டும். அங்கே விகிதம் 0.005, சாய்வு 0.01 என்று போட்டுப் பாருங்கள், அதே 63 மீட்டர்தான் வரும்.

ஒரே நீளக் கிணறா, அடுக்குக் கிணறா?

நீளமான ஃபில்டர் பைப் (நீர் உள்ளே வரத் துளையிட்ட குழாய்) போட்ட ஒரே கிணறு செலவு குறைவு, அது காட்டும் மாசின் அளவும் குறைவு. கசிவு அரை மீட்டர் தடிப்பில், லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் குளோரைடோடு வருகிறது, சுற்றியுள்ள நீரில் 40 என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஆழத்திலிருந்தும் ஒரே அளவு நீர் வந்தால், 6 மீட்டர் ஃபில்டர் 137 என்று காட்டும். அதே ஆழத்தில் ஒரு மீட்டர் ஃபில்டர் 620 என்று காட்டும். நீளக் கிணற்றில் இன்னொரு ஆபத்து, மேலடுக்கின் அழுக்கு குழாய் வழியே கீழடுக்குக்கு இறங்கிவிடும். பக்கம் பக்கமாக வெவ்வேறு ஆழத்தில் நிற்கும் கிணறுகள் ஒவ்வொரு ஆழத்திலும் நீரழுத்தம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லும். நீர் கீழே இறங்குகிறதா, மேலே எழுகிறதா என்பது அதில்தான் தெரியும். விரிவாக்கத்துக்கு அடுக்குக் கிணறுதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மாதிரி எடுப்பதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பெய்லரை (நீர் மொள்ளும் குழாய் வாளியை) கயிற்றில் கட்டித் தொப்பென்று போட்டால் பழுப்பாகக் கலங்கிய நீர் மேலே வரும். அதில் அமிலம் ஊற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினால் மண்ணில் ஒட்டியிருந்த இரும்பும் ஈயமும் கரைந்து முடிவில் ஏறி உட்காரும். நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக இழுக்கும் பம்பே மேல்.

எதோடு ஒப்பிடுவது?

போக்குப் பக்கக் கிணற்றை வரத்துப் பக்கக் கிணற்றோடு ஒப்பிடுவது வழக்கமான முறை. இரண்டிலும் ஒரே மண் இருந்தால்தான் அது செல்லும். அதே கிணற்றின் பழைய அளவுகளோடு ஒப்பிடுவது இன்னொரு முறை. மண் வேறுபாட்டுத் தொல்லை இதில் இல்லை, ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன கிணற்றில் அந்தக் கேடே ‘இயல்பு’ ஆகிவிடும். ஆகவே புதுக் கிணறுகளுக்கு மட்டும் இரண்டாவது முறை. அதுவும் முதல் லாரி வருவதற்கு முன்பே, மழைக்காலமும் வறட்சியும் அடங்குமாறு எட்டு மாதிரியாவது கையில் இருக்க வேண்டும். எந்த முறையானாலும், 20 கிணறு, ஒவ்வொன்றிலும் சோதிக்கும் 10 பொருள், ஒவ்வொரு சோதனையிலும் 1% பொய் எச்சரிக்கை என்றால் ஒரு சுற்றுக்குச் சராசரியாக இரண்டு வெற்று அலாரம் அடிக்கும். மறுமாதிரி எடுக்கும் விதியை அதனால் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

குளோரைடு மண்ணில் ஒட்டாமல் நீரின் வேகத்திலேயே வரும், அம்மோனியா களியில் ஒட்டி ஒட்டிப் பிந்தி வரும். அதனால் குளோரைடு மட்டும் திடீரென ஏறி அம்மோனியா அசையாமல் இருந்தால் புதுக் கசிவின் முன்விளிம்பாக இருக்கலாம். சாறு மீத்தேன் உண்டாகும் கட்டத்தைக் கடந்திருந்தால் அதன் நீரில் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) கூடியிருக்கும், அந்த அளவு இன்னொரு சாட்சி. வரத்துப் பக்கக் கிணற்றில் எளிதில் ஆவியாகும் கரைப்பான்கள் மட்டும் தென்பட்டு, குளோரைடு ஏறவே இல்லையென்றால், சாற்றைக் குறை சொல்லும் முன் கிணற்று மூடியைத் திறந்து மீத்தேன் மீட்டரைப் பிடித்துப் பாருங்கள். குப்பை வாயு நீரோட்டத்துக்கு எதிர்த்திசையிலும் மண்ணுக்குள் நகரும்.