மதுரை வண்டிக்கடைகளும் என் சிங்கப்பூர் சிம்மும்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறவர்களே, 500 ரூபாய்த் தாளை நம்பிப் போகாதீர்கள். மதுரையில் தாள் செல்லும், சில்லறைதான் கிடைக்காது. பருத்திப்பால் வண்டியில் தாளை நீட்டினால் "ஜிபே இல்லையாண்ணே?" என்கிறார்கள்.

2023-லேயே சிங்கப்பூர் உட்படப் பத்து நாட்டு போன் எண்களை என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கோடு சேர்த்து, ஜிபே போன்ற செயலிகளுக்கு அடிப்படையான யுபிஐ வைத்துக்கொள்ள அனுமதி வந்துவிட்டது. என் வங்கிக் கிளையிலோ, "ஹெட் ஆபீஸ்ல கேக்கணும் சார்" என்பதோடு சரி. சிங்கப்பூரின் பேநவ் பணம் அனுப்பும் சேவைக்கும் யுபிஐக்கும் இணைப்பும் இருக்கிறது. ஆனால் அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்பத்தான், கடையில் ஸ்கேன் செய்யும் கியூஆர் அட்டைக்கு உதவாது. கடைசிவரை தம்பி மகனின் போன்தான் என் பர்ஸ்.

எரிச்சல் என் பாடு. கடைக்காரர்கள் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்கா முன்பெல்லாம் தினவசூல் கடனான தண்டலில்தான் காலம் தள்ளினார். முதலிலேயே பிடித்தம் போகக் கைக்கு வருவது கொஞ்சம், சாயங்காலமானால் வசூலுக்கு ஆள் வந்து நிற்பான். தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020-இல் தொடங்கிய பிஎம் ஸ்வநிதி கடன் திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாய் வாங்கி அதிலிருந்து வெளியே வந்திருக்கிறார். ஸ்கேன் செய்து வாங்கும் வரவுக்கு அந்தத் திட்டத்தில் சிறு கேஷ்பேக்கும் உண்டு. யுபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து வணிகரிடம் கட்டணம் கிடையாது. பத்து ரூபாய் வந்தால் பத்து ரூபாயும் அவருக்கே. பணம் வந்ததைச் சத்தமாக அறிவிக்கும் ஸ்பீக்கருக்குத்தான் மாத வாடகை.

உணவு டெலிவரி செயலி ஒன்றிலும் சேர்ந்து பார்த்தாராம். கமிஷன், தள்ளுபடி, பார்சல் டப்பா எல்லாம் போக இட்லியில் என்ன மிஞ்சும்? விலகிவிட்டார். நகரத்துச் சிறுகடைக்குக் கைகொடுப்பது இலவசமாகக் கிடைத்த அந்த அட்டைதான், செயலி இல்லை என்பது என் எண்ணம்.

அதிலும் ஒரு பயம் இருக்கிறது. 2025 ஜூலையில் பெங்களூரில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போக, பலர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். அக்காவுக்கும் அந்தச் செய்தி தெரிந்திருக்கிறது. சாப்பாட்டுக் கடைக்கு ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம், அதாவது நாளுக்குச் சுமார் 5,500 ரூபாய் வியாபாரம். நல்ல கூட்டமுள்ள கடைக்கு அது எட்டாத தொகை இல்லை.

"வரவு மெசின் சத்தம் போட்டுச் சொல்லுது. அரிசி, உளுந்து, கேஸ் வெல எல்லாம் அது சொல்லுதா தம்பி?" என்றார்.