தொடர்கதைப் பக்கங்களைக் கட்டித் தந்த வேலூர் பைண்டிங் கடை

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளையும் அலுவலகங்களின் கணக்குப் பேரேடுகளையும் கட்டித் தருவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட பழைய பைண்டிங் கடை ஒன்று இருக்கிறது. அங்கே நான் இரண்டு தொகுதிகளைக் கட்டக் கொடுத்திருந்தேன். முதலாவது, ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடர்கதையின் பக்கங்கள். இரண்டாவது, பல்வேறு வார இதழ்களில் வந்த அவருடைய விஞ்ஞானச் சிறுகதைகள். இரண்டையும் சேர்த்தவர், குடியாத்தத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து மறைந்த என் பெரியம்மா.

அச்சு நூலாகவே கிடைக்கும் கதைக்கு இந்தச் செலவு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நூலில் கதை முழுமையாக இருக்கிறது; ஆனால் அது வாரக் கணக்கில் எழுதப்பட்டது என்பது அதில் தெரிவதில்லை. சுஜாதாவின் எழுத்து வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்த வாரங்கள் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1935-இல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து, திருவரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, சுஜாதா என்ற புனைபெயரில் எழுதிய ரங்கராஜன், திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பொறியியலும் படித்தவர். விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தார். பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் நெடுங்காலம் பொறியாளராக இருந்தார். அதாவது, அவருடைய புகழ்பெற்ற தொடர்களில் பெரும்பாலானவை, பகல் முழுவதும் அலுவலகத்தில் இருந்த ஒருவர் மிச்சமிருந்த நேரத்தில், இதழ் அச்சுக்குப் போகும் நாளுக்குள் எழுதி அனுப்பியவை. ஓர் அத்தியாயம் எந்த இடத்தில் நிற்கிறது, 'தொடரும்' என்ற சொல் எந்த வரிக்குக் கீழே வருகிறது என்பதைப் பத்திரிகைப் பக்கத்தில் பார்க்கும்போதுதான் அந்தத் திறமையின் முழு அளவும் புலப்படுகிறது.

வேலைக்கு வருகிறேன். உதிரிப் பக்கங்களைக் கட்டுவது ஆய்வேட்டைக் கட்டுவதைவிடக் கடினம். மடித்த தாள்கள் என்றால் மடிப்பின் வழியே ஊசியைச் செலுத்தித் தைக்கலாம். தனித்தாள்களுக்கு மடிப்பே கிடையாது. அவற்றை அடுக்கி ஓரத்தில் துளையிட்டுத் தைப்பதுதான் வழக்கம். அப்படித் தைத்தால் உள் ஓரத்தில் ஒரு விரலகலம் தையலுக்குள் போய்விடும், புத்தகமும் தட்டையாக விரியாது. கடைக்காரர் மெல்லிய தாளைப் பட்டைகளாக நறுக்கி, இரண்டிரண்டு பக்கங்களை அந்தப் பட்டையால் ஒட்டி இணைத்து மடிப்பு உண்டாக்கி, அதன் பிறகே தைத்திருக்கிறார். நாற்பது ஆண்டுக்கு முந்தைய மட்டமான தாள், வேலூர் வெயிலில் பரணில் கிடந்து பழுத்து, தொட்டால் விளிம்பு பொடியாக உதிரும் நிலையில் இருந்தது. ஒரு பக்கம்கூடக் கிழியாமல் இதைச் செய்து முடித்த கைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஒட்டுவதற்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து காய்ச்சிய மைதாப் பசையைப் பயன்படுத்துகிறார். மயில்துத்தம் இல்லாவிட்டால் பசையின் ருசிக்கே, தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி வந்துவிடும் என்றார். அட்டைக்குக் காலிகோ துணி, ரெக்சின், தோல் என்று மூன்று வகை உண்டு. ஆம்பூரும் இராணிப்பேட்டையும் பக்கத்தில் இருப்பதால் நல்ல ஆட்டுத்தோல் கிடைக்கிறது என்றாலும், நான் காலிகோவே போதும் என்றேன்.

எனக்கு இந்தக் கடையின் மேல் மதிப்பு உண்டானது வேறொரு காரணத்தால். தைத்து முடித்ததும் மூன்று பக்கமும் இயந்திரத்தில் அறுத்துச் சமன் செய்வது எல்லாக் கடைகளிலும் கேட்காமலே நடக்கும் வேலை. இவர் அறுப்பதற்கு முன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அறுத்துட்டா பார்வைக்கு நல்லாருக்கும்மா. ஆனா மேல இருக்கிற தேதி போயிடும், ஓரத்துல விளம்பரமும் பாதி போயிடும். இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டார். அறுக்க வேண்டாம் என்றேன். அதனால் பெரியம்மா பென்சிலால் எழுதிய குறிப்புகளும், முகவரின் ரப்பர் முத்திரையில் இருந்த 'வ.ஆ. மாவட்டம்' என்ற எழுத்துகளும் தப்பின. 1989-இல் பிரிக்கப்பட்ட அந்த வட ஆற்காடு மாவட்டத்தின் பெயரை இன்று எங்கள் வீட்டில் தாங்கியிருப்பது இந்தத் தொகுதி ஒன்றுதான்.

அந்தப் பென்சில் குறிப்புகளில் பல, வகுப்பில் சொல்வதற்காக எடுத்தவை. 'என் இனிய இயந்திரா' கதையில், சர்வாதிகாரி ஒருவரின் ஆட்சியில் மனிதர்களின் பெயர் இரண்டே எழுத்தாகச் சுருக்கப்படுகிறது. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணின் வீட்டுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் வந்து சேர்கிறது. அது புத்தகங்களைப் படித்துப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்குகிறது. படித்ததால் அறிவு பெற்ற ஜீனோவை, பாடம் படிக்காத பிள்ளைகளுக்கு உதாரணமாகப் பெரியம்மா காட்டியிருக்கிறார். கதை நடப்பதாகச் சொல்லப்படும் காலம் இப்போது நம்மைக் கடந்தே போய்விட்டது. கணினியையே நேரில் கண்டிராத வாசகர்களுக்கு அதைப் பாடமாக விளக்காமல், ஒரு நாயின் குறும்புப் பேச்சாக சுஜாதா கொடுத்ததுதான், தமிழில் விஞ்ஞானக் கதைக்கு வெகுமக்கள் வாசகரைத் தேடித் தந்தது என்று நான் நம்புகிறேன்.

பெரியம்மாவுக்கு அவர் மேல் இருந்த மதிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாக்குப்பதிவு இயந்திரத்தை பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கியபோது அந்தப் பணியில் முக்கியப் பங்காற்றியவர் சுஜாதா. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் அந்த இயந்திரம் வந்தபோது, தேர்தல் பணிக்குப் போன பெரியம்மா, "கதையில வந்த மாதிரி இல்ல, ரொம்ப அமைதியான மெஷினு" என்று வீட்டில் வந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

குறைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டு வாரத்தில் தருவதாகச் சொன்ன வேலை ஐந்து வாரம் ஆயிற்று. ஆய்வேடுகள் குவியும் பருவத்தில் நம் வேலை பின்னுக்குப் போய்விடும். இரண்டாம் தொகுதியில் ஒரு கதையின் பக்கங்கள் முன்பின்னாக மாறியிருந்தன. இதழுக்கு இதழ் அளவு வேறுபட்டதால் அந்தத் தொகுதியின் விளிம்பும் ஏறி இறங்கித்தான் இருக்கிறது. ஆனால் அது நான் கேட்டுப் பெற்றது. பெரிய பிழை முதுகில் நேர்ந்தது: பொன்னிற எழுத்தில் 'என் இனிய இயந்திரம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அன்போடு அழைக்கும் விளி, வெறும் பொருட்பெயராக மாறிவிட்டது. எடுத்துச் சொன்னதும் மறுப்பின்றி அந்தப் பட்டையை உரித்து, கூடுதல் பணம் வாங்காமல் புதிதாக ஒட்டிக் கொடுத்தார். இரண்டு தொகுதிக்கும் சேர்த்து 1,300 ரூபாய் ஆயிற்று. பக்கங்களைத் தாள் பட்டையால் இணைத்த வேலைக்கே அந்தக் கூலி தகும்.

2008 பிப்ரவரி 27-இல் சுஜாதா மறைந்த செய்தி வந்த நாளிதழ்த் துண்டையும் பெரியம்மா கட்டின் அடியில் வைத்திருந்தார். அதை எங்கே சேர்ப்பது என்று கடைக்காரர் கேட்டார். கதைகளோடு தைக்க எனக்கு மனம் வரவில்லை. பின்னட்டையின் உட்புறத்தில் ஓர் உறை போல ஒட்டி, அதற்குள் வைத்துக் கொடுத்தார்.

அடுத்ததாக அவருடைய அறிவியல் கேள்வி பதில் பக்கங்களைக் கொடுத்து வந்திருக்கிறேன். இம்முறை பக்கங்களுக்கு நானே வரிசை எண் இட்டு, முதுகில் அச்சிட வேண்டிய பெயரைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கட்டின் மேல் குத்தி வைத்திருக்கிறேன்.