செல்ஃப் வாட்டரிங் தொட்டி: தக்காளிக்கு நல்லது, என் பொறுமைக்கு இல்லை

அடியில் தண்ணீர் தேங்கும் தொட்டிகளை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்ட நேரம் பார்த்து, நான் மறுபடியும் என் தொட்டியில் தண்ணீர் அளவைக் காட்டும் மிதவையைக் கழற்றிக் கழுவி மாட்டியிருக்கிறேன். அதனால் இதில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொட்டி வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். கீழே நீர்த்தேக்கம், மேலே மண்கலவை. நடுவில் திரியோ, தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு மண்கால் பகுதியோ இருக்கும். அது வழியாக ஈரம் தானாக மேலே ஏறும். ஓரத்தில் ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு மிதவை. தொட்டியைச் செய்தவர்கள் மற்றதையெல்லாம் யோசித்துச் செய்துவிட்டு, இதை மட்டும் மாலை ஐந்து மணிக்கு மேல் அவசரமாகச் செய்திருப்பார்கள் போல.

மிதவை ஒரு துளைபோட்ட குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் போகும். தக்காளியின் மெல்லிய வேர்கள் அந்தத் துளைகளுக்குள் புகுந்து மிதவையைச் சுற்றிக்கொள்கின்றன. கடினத் தண்ணீராக இருந்தால் வெள்ளையாக உப்பும் படியும். அப்புறம் அது அசையாது. "காலி" என்று காட்டியபடி சிக்கினால்கூடப் பரவாயில்லை. நாம் ஊற்றுவோம், அதிகமானது வடிதுளை வழியாக வெளியேறிவிடும். என் தொட்டிகளில் அது சிக்குவதெல்லாம் "நிறைந்திருக்கிறது" என்ற இடத்தில்தான். கீழே சொட்டுத் தண்ணீர் இல்லை, மேலே மிதவையின் சிவப்பு முனை நிமிர்ந்து நிற்கிறது. காய் பிடித்த பெரிய தக்காளிச் செடி நல்ல வெயிலில் ஒரே நாளில் 2 லிட்டர்கூட இழுத்துவிடும். அதனிடம் இந்தப் பொய் செல்லுமா? மதியத்துக்குள் இலை தொங்கிவிடும்.

உதிரி மிதவை வாங்கிப் போட்டேன். அதன் குழாயிலும் அதே அகலமான துளைகள். வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் உப்புப் படிவு கரைகிறது. வேரைக் கையால்தான் பிய்த்தெடுக்க வேண்டும். இப்போது குழாயின் மேல் மெல்லிய நைலான் வலையைச் சுற்றியிருக்கிறேன், வேர் நுழைவது குறைந்திருக்கிறது. ஆனாலும் நான் நம்புவது ஊற்றும் குழாய்க்குள் விட்டெடுக்கும் ஒரு மூங்கில் குச்சியைத்தான். எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறதோ அவ்வளவு தண்ணீர். குச்சி பொய் சொன்னதில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். சாதாரணத் தொட்டியில் தக்காளி வளர்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புத் தழும்பு தெரிந்திருக்கும். காய் நன்றாகப் பருத்துவரும். திருப்பிப் பார்த்தால் அடியில் தோல்போல் காய்ந்த கரும்பட்டை. இந்த அடி அழுகல் பூச்சியாலோ கிருமியாலோ வருவதில்லை. காய்க்குப் போதிய சுண்ணாம்புச்சத்து போய்ச்சேராததால் வருகிறது. பல நேரங்களில் மண்ணில் அந்தச் சத்து இருக்கும். ஆனால் அது தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் பயணம் செய்யும். மண் ஒரு நாள் காய்ந்து மறுநாள் சேறானால் அந்தப் பயணம் தடைபடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்லாதவர் இல்லை. ஓடு மட்கிச் சத்தாக மாறுவதற்குள் அந்தச் செடி காய்த்து ஓய்ந்துவிடும். இந்தத் தொட்டிக்கு மாற்றிய பிறகு, ஈரம் ஒரே சீராக இருந்ததால் அடி கறுத்த காய்கள் அநேகமாக நின்றுபோயின. உரத்தை நான் மாற்றவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே தொட்டியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய நாட்கள் உண்டு.

கீரை, புதினா, திருநீற்றுப்பச்சிலை, பார்ஸ்லி எல்லாம் இதில் சொகுசாக வளர்கின்றன. திருநீற்றுப்பச்சிலையை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. பூங்கொத்து தெரிந்ததும் இலைக்கணுவுக்கு மேலே கிள்ளுங்கள். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வரும். புதினாவைத் தனித் தொட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் யாரையும் வாழவிடாது. கொத்தமல்லியை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதைவிட நேரடியாக விதைப்பதே நல்லது. ஆணிவேர் அசைந்தால் அதற்குப் பிடிக்காது. வெயில் ஏறினால் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அது பூவுக்குப் போய்விடும், அதற்குத் தொட்டியைக் குறை சொல்ல முடியாது.

ரோஸ்மேரி, தைம் இரண்டையும் இதில் வைக்காதீர்கள். மத்தியதரைக் கடல் பக்கத்து வறண்ட சரிவுகளில் வளரும் செடிகள் அவை. கால் எப்போதும் நனைந்தால் வேர் அழுகிவிடும். மிளகாய் ஓரளவு பரவாயில்லை. தேக்கம் காலியானதும் உடனே ஊற்றாமல், மேல்மண் நன்றாக உலரும்வரை விட்டு ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்கும்.

விளக்கத் தாளில் சின்ன எழுத்தில் போடுகிற, ஆனால் பெரிதாகப் போட வேண்டிய சில விஷயங்கள் உண்டு. வெறும் தோட்டமண்ணை இதில் நிரப்பக் கூடாது. அது இறுகிப்போய்க் கீழே சேறாகிவிடும். கழுவி உப்பெடுத்த தென்னைநார்க் கழிவு, மட்கிய உரம், கொஞ்சம் பெர்லைட் (எடையே இல்லாத வெள்ளைக் கல்துகள்) என்று இளகிய கலவைதான் சரி. நாற்று நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் மேலிருந்துதான் தண்ணீர் விட வேண்டும். கீழே தேக்கம் நிறைந்திருந்தாலும் குட்டி வேருக்கு அது எட்டாது. ஈரம் எப்போதும் கீழிருந்து மேலே போவதால் உரத்தின் உப்பும் மேல்மண்ணில் சேர்ந்து வெள்ளையாகப் பூக்கும். அவ்வப்போது மேலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றி அதைக் கழுவி வடித்துவிடுங்கள்.

அப்புறம் கொசு. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக, வெப்பமான சூழலில் 7 முதல் 10 நாள் போதும். தேங்கிய தண்ணீரும் இருட்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்தைவிட அதற்கு வேறென்ன வேண்டும்? ஊற்றும் குழாய்க்கு மூடி, வடிதுளைக்கு வலை, இரண்டும் கட்டாயம்.

இனி நண்பரின் கேள்வி. அடிக்கடி ஊருக்குப் போகிறவர், தக்காளி வளர்க்க ஆசைப்படுகிறவர், பால்கனியில் 6 மணி நேரம் வெயில் விழுகிறது. மேலே நான் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்ய வேண்டும். இந்த வாரம் என்னால் முடியாது. வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். சாதாரணத் தொட்டியின் அடித்துளை வழியாக ஒரு பாலியெஸ்டர் கயிற்றை விட்டு, மூடிபோட்ட வாளித் தண்ணீருக்குள் அதன் மறுமுனையை இறக்கினால் பாதி வேலை நடந்துவிடும். பருத்திக் கயிறு மட்டும் வேண்டாம், மட்கிப்போகும்.

உங்கள் தக்காளிகளை அந்தச் செல்ஃப் வாட்டரிங் தொட்டியிலிருந்து மாற்றுவீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். மாட்டேன்தான். அப்படியும் வாங்குவேன் என்று அவர் அடம்பிடித்தால், மிதவையே இல்லாத, குச்சி தாராளமாக நுழையும் அகலத்துக்கு ஊற்றுகுழாய் உள்ள தொட்டியாகப் பார்த்து வாங்கட்டும். ஒளி ஊடுருவும் ஜன்னல் வைத்ததையும் தவிர்க்கலாம், உள்ளே பாசி பிடித்துச் சீக்கிரமே அதுவும் குருடாகிவிடும்.