உடுமலைப் பக்கம் ஒரு வீட்டு நடை: சில வருஷம் புழங்கிய பிறகு

எங்கள் வீட்டு நடை, வாசல் கதவிலிருந்து பொடக்காளி (கொல்லைப்புறம்) கதவு வரை நேராக ஓடும். நாலடி அகலம், இருபதடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். ஒரு பக்கம் ஆசாரமும் (ஹால்) பூஜை அறையும், மறுபக்கம் இரண்டு படுக்கையறை, கடைசியில் சமையலறை. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது இந்த நடைக்கென்று யோசித்துச் செய்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதுகிறேன். குடிபுகுந்த மாதத்தில் எடுத்த படங்களைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். ரெண்டு ஆடியும் ஒரு ஐப்பசியும் போகட்டும், அப்புறம் தெரியும்.

மூன்றடி போதும் என்றுதான் மேஸ்திரி சொன்னார். ஆள் நடக்க மூன்றடி போதும்தான். ஆனால் நடையில் ஆள் மட்டுமா போகிறார்? கேஸ் சிலிண்டர் உருண்டு வருகிறது. உள்ளே இருக்கும் கேஸே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோவை ஒட்டி வரும். தேங்காய் மூட்டை வருகிறது. ஃபிரிட்ஜும் பீரோவும் அறைக்குள் திரும்ப இடம் வேண்டும். நாலடி கேட்டு வாங்கினோம், இன்றுவரை சந்தோஷம். வரைபடத்தில் போட்டிருப்பது செங்கல்லுக்குச் செங்கல் அளவா, பூச்சுக்குப் பூச்சு அளவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சு பக்கத்துக்கு அரை அங்குலம் தின்றுவிடும்.

காற்றை விட்டுவிட்டு எங்கள் ஊரில் நடையைப் பற்றிப் பேச முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று வைகாசிக் கடைசியில் ஆரம்பித்து ஆவணி தாண்டியும் அடிக்கும். சுற்றுவட்டாரத்தில் இத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான். முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேர் இருப்பது வேசகாலத்தில் (கோடையில்) பெரிய வரம். பொழுதோட (சாயங்காலம்) ரெண்டையும் திறந்து வைத்தால் ஆசாரத்தில் ஃபேன் தேவைப்படாது. அதே கதவுகள் ஆடியில் அறைகிற அறையில் நிலையே ஆடும். கடையில் விற்கும் காந்த ஸ்டாப்பர் அழகாக இருக்கிறது, ஆனால் இந்தக் காற்றுக்குத் தாங்கவில்லை. கடைசியில் அந்தக் காலத்து இரும்புக் கொக்கியும் வளையமும்தான் நின்றது. வாங்க ஆன காசைச் சொன்னால் சிரிப்பீர்கள். கதவின் அடியில் பிரஷ் பட்டை ஒன்றும் அடித்திருக்கிறோம். அது இல்லாத நாட்களில் காலையில் வாசல் பக்கம் கதவு அகலத்துக்குச் செம்மண் கோடு போட்ட மாதிரி கிடக்கும்.

தரைக்கு கோட்டா கல். டைல்ஸ் கடையில் பளபளக்கும் வெள்ளை விட்ரிஃபைடைத்தான் முதலில் காட்டினார்கள். செம்மண் தோட்டத்துக்குப் போய்வரும் கால் நடமாடும் வீட்டில் வெள்ளைத் தரை போட்டால் சீமாறும் கையுமாகத்தான் நிற்க வேண்டும். கோட்டாவின் பச்சை கலந்த சாம்பல் நிறம் பாதி அழுக்கை அதுவே விழுங்கிவிடுகிறது. சிலிண்டர் உருண்ட கீறலும் கண்ணில் படுவதில்லை, கோடையில் வெறுங்காலுக்குக் குளுகுளுவென்று இருக்கிறது. ஆனால் அது சுண்ணாம்புக்கல், புளிப்பு ஆகாது. அமாவாசைக்கு அத்தை எலுமிச்சம்பழத்தை ரெண்டாக அறுத்துக் குங்குமம் தடவி நிலைக்கு உட்புறம் ரெண்டு மூலையிலும் வைப்பார். அந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ரெண்டு வெளிறிய வட்டம் விழுந்துவிட்டது. தொட்டால் அங்கே மட்டும் சொரசொரப்பு. துடைத்தெல்லாம் போகாது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு. இப்போது பழம் வெற்றிலை மேல் உட்காருகிறது. ஆசிட் கலந்த பாத்ரூம் கிளீனரும் இந்தக் கல்லுக்கு எமன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

இன்டீரியர்காரர் கொடுத்த படத்தில் நடுவில் ஒரு ஒடுக்கமான மேசையும் அதன்மேல் பூச்சாடியும் இருந்தன. அத்தை ஒரு பார்வை பார்த்தார். "இங்கெதுக்குக் கண்ணு இது? கொடத்தைத் தூக்கிட்டு வாரப்ப இடிக்குமல்லோ?" மேசை அத்தோடு போச்சு. என்னைக் கேட்டால் அந்த ஒரு கேள்விதான் எங்கள் நடையின் டிசைன். தரையில் எதுவுமே நிற்கக் கூடாது, இருப்பதெல்லாம் சுவரில் தொங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

செருப்பு எங்கள் பக்கம் எப்படியும் படிக்கு வெளியேதான். உள்ளே வருவது பிள்ளைகளின் ஸ்கூல் ஷூ மட்டும். அதற்கு எட்டு அங்குல ஆழத்தில், முன்பக்கம் சாய்ந்து திறக்கிற பெட்டி ஒன்றைத் தரைக்கு அரையடி மேலே சுவரில் மாட்டினோம். தண்ணீருக்குத் தாங்கும் 710 ரக பிளைவுட். மாப் தண்ணீர் தொடாததால் அடி ஊதவில்லை. கதவில் காற்றுப் போக ஜாலி (துளைத் தட்டி) வைத்ததால் ஈர ஷூ நாற்றம் தங்குவதில்லை. தோட்டத்து கம்பூட் மட்டும் அதற்குள் நுழையாது, அது பொடக்காளியிலேயே கிடக்கிறது. ஹெல்மெட்டுக்கும் சாவிக்கும் ஒரு பலகையும் கொக்கிகளும். ஒட்டுகிற கொக்கி வாங்காதீர்கள், வேசகாலத்தில் பெயிண்ட்டையும் உரித்துக்கொண்டு விழும். துளை போட்டு பிளக் அடித்து ஸ்குரூ முடுக்குங்கள்.

சுவரில் மூன்றடி உயரம் வரை கழுவக்கூடிய பெயிண்ட், அதற்கு மேல் வெள்ளை. வெளிமூலைகளுக்கு எல் வடிவ ஸ்டீல் பட்டை. சிலிண்டர் முதலில் கடிப்பது மூலையைத்தான்.

அழகுக்கென்று ஆசைப்பட்டது பவானி ஜமக்காளம். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, அந்தச் சிவப்பு பச்சைப் பட்டைகள் சாம்பல் கல்மேல் கிடந்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் பாலிஷ் போட்ட கல்லில் வழுக்கும். அடியில் ரப்பர் வலை போட்டும் ஓரம் சுருண்டுகொண்டே இருந்தது. வயசானவர்கள் இருக்கிற வீட்டில் அது வேண்டாம். விருந்தாள் வந்தால் ஆசாரத்தில் விரிக்கிறோம். நடையில் வாசலுக்கு வெளியே பொள்ளாச்சித் தேங்காய் நார் மிதியடி, உள்ளே கரூர் பருத்தி மிதியடி, அவ்வளவுதான். நார் மிதியடி ஆரம்பத்தில் கொட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீள நடையின் நடுப்பகுதி பகலிலும் இருட்டும். படுக்கையறைக் கதவுகளுக்கு மேலே கண்ணாடி போட்ட வெண்டிலேட்டர் வைத்தது நல்ல யோசனை. அறை ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாக நடைக்கு இறங்குகிறது, கூரையை வெட்டவும் வேண்டாம், ஒழுகவும் ஒழுகாது. ராத்திரிக்கு 3000 கெல்வின் மஞ்சள் எல்இடி. ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் சென்சார் லைட் ஆடியில் திரைச்சீலை ஆடினாலும் எரிந்து தொலைத்ததால் கழற்றியாயிற்று. எந்த முனையிலிருந்தும் போட்டு அணைக்கிற மாதிரி ரெண்டு முனையிலும் டூவே ஸ்விட்ச் போதும். நடுவில் படுக்கையறை வாசலிலும் ஒன்று வேண்டுமென்றால் வயரிங் சமயத்திலேயே இன்டர்மீடியட் ஸ்விட்ச் என்று கேளுங்கள். பூச்சு முடிந்த பிறகு கேட்டால் எலக்ட்ரீஷியன் முகத்தைப் பார்க்க முடியாது.