உறை ஊற்றும் சீஸா, அழுத்திச் செய்யும் தோமா?

பிரான்சில் லுவார் ஆற்றுக்குத் தெற்கே, துரேன் பகுதியில் முப்பது வெள்ளாடுகளை வைத்திருக்கிறோம். பால் பெருகும் மே மாதத்தில் நாளொன்றுக்கு 80 லிட்டர் வரை கறக்கிறோம். பாலாகவே விற்றால் தீவனச் செலவுக்குத்தான் சரியாக இருக்கும். சீஸ் செய்து விற்றால்தான் குடும்பம் ஓடும். எந்தச் சீஸ் என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாகச் செய்துவரும், புளிக்கவைத்து எடுக்கும் மென்சீஸ் ஒரு பக்கம். பிரெனே மலைப்பக்கம் வழக்கமான, அழுத்தி முதிரவைக்கும் தோம் மறுபக்கம். ஒரு பருவம் முழுக்க இரண்டையும் செய்து பார்த்தோம். இப்போது மென்சீஸ் மட்டுமே செய்கிறோம்.

சுவையை வைத்து முடிவெடுக்கவில்லை. இரண்டும் நல்லவை, இரண்டையும் வாங்க ஆள் உண்டு. கருவிகளில் மென்சீஸுக்குச் செலவு குறைவு: வாளிகள், அகப்பை, துளையிட்ட அச்சுகள் போதும். தோமுக்குச் சூடேற்றும் தொட்டியும் அழுத்துபொறியும் நிலவறையும் வேண்டும்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது வேலை நேரம்தான். ஆட்டுப் பண்ணையில் காலையும் மாலையும் கறவை தவறக் கூடாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குட்டி ஈனும் ஆட்டின் அருகே இரவெல்லாம் உட்கார வேண்டியிருக்கும். இவற்றுக்கு இடையில் சீஸ் நமக்காகக் காத்திருக்குமா, நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டுமா?

மென்சீஸ் காத்திருக்கும். தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்தவர்களுக்கு இதன் பாதி ஏற்கெனவே கைவந்ததுதான். கறந்த பாலில் முந்தைய நாள் வடித்த தெளிநீரைக் கொஞ்சம் உறையாக ஊற்றுகிறோம். பாலை உறையவைக்க, குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்னும் நொதி சில சொட்டு போதும். அறையை 20 டிகிரியை ஒட்டி வைத்துவிட்டு மூடினால், மறுநாள் அதே நேரத்தில் தயிர் கட்டியாகி, மேலே தெளிநீர் நிற்கும். ஓர் ஆட்டுக்குப் பிரசவம் சிக்கலாகி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும் குடி முழுகிவிடாது. பிறகு கட்டியை உடைக்காமல் அகப்பையால் அடுக்கடுக்காக அச்சில் இறக்க வேண்டும். அவசரப்பட்டு அள்ளிக் கொட்டினால் கட்டி நொறுங்கி, தெளிநீரோடு சத்தும் ஓடிவிடும். அடுத்த நாள் அச்சிலிருந்து எடுத்து, உப்பும் கரித்தூளும் பூசி உலரவைக்கிறோம். இங்கே பெயர்பெற்ற செந்த்-மோர் த துரேன் சீஸ் உருளை வடிவில் இருக்கும்; நடுவில் நீளவாக்கில் ரை (rye) என்னும் தானியத்தின் வைக்கோல் தாள் ஒன்று ஓடும். 1990ஆம் ஆண்டு முதல் சட்டப் பாதுகாப்புள்ள பெயர் அது. மெல்லிய உருளை கையில் ஒடியாமல் தாங்குவது அந்தத் தாள்தான். ஏறத்தாழ பத்து நாளில் விற்பனைக்குத் தயார், பத்து நாளில் கையில் காசு.

தோம் அப்படியல்ல. பாலை 32 டிகிரிக்குச் சூடாக்கி ரென்னெட் விட்டால் முக்கால் மணி நேரத்தில் உறைந்துவிடும். உடனே வெட்ட வேண்டும், கிளற வேண்டும், அச்சில் இட்டு அழுத்த வேண்டும், திருப்பிப் போட்டு மறுபடி அழுத்த வேண்டும். காலைப் பொழுது முழுவதும் தொட்டியை விட்டு நகர முடியாது. அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. இரண்டு மூன்று மாதம் நிலவறையில் ஒவ்வொன்றையும் திருப்பி, தோலைத் தேய்த்து, சீஸ் பூச்சி அரிக்காமல் பார்க்க வேண்டும். அறுபது தோம் சேர்ந்தபோது வாரத்தில் ஒரு நாளை அவையே விழுங்கின. கறவை முடித்து வந்த கையோடு தூரிகையைப் பிடிப்பது எங்கள் இருவருக்கும் தாங்கவில்லை.

மென்சீஸிலும் இழந்திருக்கிறோம். ஈரமான ஒரு மே வாரத்தில் சரியாக உலராத சீஸ்களின் மேல் கருஞ்சாம்பல் பூஞ்சை முளைத்தது. பூனைமுடி என்று இங்கே சொல்வார்கள். நாற்பது உருளைகள் எருக்குழிக்குப் போயின. அறையின் ஈரத்தை அன்றிலிருந்து விடாமல் கவனிக்கிறோம்.

ஒரு விஷயத்தில் தோம்தான் மேல், மறுக்க மாட்டேன். நவம்பர் முடிவில் ஆடுகள் வற்றிவிடும். குட்டி ஈனும்வரை எங்கள் சந்தைக் கடையில் விற்க ஒன்றும் இருக்காது. தோம் வைத்திருப்பவர் டிசம்பரிலும் விற்பார். அந்தக் குளிர்கால வருமானத்துக்காக மாதக்கணக்கில் தேய்க்கலாமா என்றால், இரண்டு பேர் உழைக்கும் வீட்டில் வேண்டாம் என்றே சொல்வேன். நாங்கள் தோம் செய்தது ஒரே பருவம், இரவல் பொறியில், குளிரூட்டிய சிறு அறையில். துரேனில் பலருக்கு வீட்டுக்குப் பின்னாலேயே சுண்ணக்கல் குகை இருக்கிறது. ஆண்டு முழுவதும் 12 டிகிரி அளவில் தானாகவே நிற்கும். அப்படியொரு குகையும் மூன்றாவதாக ஒரு கையும் இருந்தால் செப்டம்பர்ப் பாலையாவது தோமாக்கிப் பார்த்திருப்பேன்.